பெயரிலிருந்து நெல் போய்விட்டது

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சுவாமிமலைப் பக்கம் தார்ச்சாலையில் பாதி நெற்களமாகிவிடும். அறுவடை இயந்திரம் இரண்டே நாளில் ஊர் முழுவதையும் அறுத்துத் தள்ளிவிடுகிறது. காய வைக்க வெயில்தான் இல்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேற்படக்கூடாது என்பது விதி. அதைத் தளர்த்தும்படி கேட்பதே வழக்கமாகிவிட்டது. 2022 அக்டோபரில் மத்திய அரசு 19 வரை அனுமதித்தது. மழையில் அறுத்த குறுவையோ இருபதைத் தாண்டி நிற்கும். படுதாவுக்கடியில் கிடந்து சூடேறினால் நிறம் மாறும், முளைத்தும் விடும்.

நெல்லுக்கென்றே பிறந்த ஆராய்ச்சி நிலையம் ஒன்று இங்கிருந்து சுமார் 35 கி.மீ. தொலைவில் தஞ்சாவூரில் இருக்கிறது. 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலையைச் சேர்ந்த சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 1972-ல் நெல் பதன ஆராய்ச்சி நிலையமாயிற்று. பிறகு தஞ்சைக்கு வந்தது. பயறு, சிறுதானியம், எண்ணெய் வித்துக்களும் ஆராய்ச்சியில் சேர்ந்தபோது பெயரில் 'நெல்' போய்ப் 'பயிர்' வந்தது. 2017-ல் 'பயிர்' போய் 'உணவு' வந்தது. 2021-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் பெற்று, இன்று நிஃப்டெம்-தஞ்சாவூர் என வழங்குகிறது.

பெயர் மாற்றியதைக் குறை கூறுவது என் நோக்கமன்று. நெல் பதனம் என்று பட்டப்படிப்பு வைத்தால் எத்தனை பெற்றோர் பிள்ளைகளை அனுப்புவார்கள்? உணவுத் தொழில்நுட்பம் என்றதும் அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதி, களத்தை மிதித்தறியாத பிள்ளைகளும் பல மாநிலங்களிலிருந்து வருகிறார்கள். இது நல்லதே. கம்பெனிகளும் அந்தச் சொல்லுக்குத்தான் பணப்பையைத் திறக்கும்.

ஆனால், பணம் கொடுப்பவர் ஆராய்ச்சிக்கான கேள்வியையும் சேர்த்தே கொடுக்கிறார். பாக்கெட்டில் அடைத்து விற்கும் பண்டத்துக்கு ஸ்பான்சர் கிடைப்பார். இரண்டு மா குறுவைக்காரரின் ஈர நெல்லுக்கு யார் ஸ்பான்சர்? இவ்வூர் ஸ்தபதிகள் எந்த நாட்டுக்குச் சிலை வார்த்தாலும் அச்சுக்குக் காவிரி வண்டலைத்தான் எடுக்கிறார்கள். அதுபோல, கம்பெனிகள் தரும் தொகையில் ஒரு பங்கை ஈர நெல்லுக்கென ஒதுக்கிவிட வேண்டும் என்பேன்.

படிப்புக்கும் இது சிறிய கணக்கன்று. 22 சதவீத ஈரமுள்ள ஒரு டன் நெல்லை 17-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 60 கிலோ தண்ணீரை வெளியேற்றியாக வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் அரைவையில் அரிசி நொறுங்கும். உமியை எரித்து, டிராக்டரில் இழுத்து வரக்கூடிய உலர்த்தியை, சிறு விவசாயிக்குக் கட்டுபடியாகும் மூட்டை வாடகைக்கு இயக்கிக் காட்டுவது எந்த மாநிலத்து மாணவருக்கும் தகுந்த திட்டப்பணி. குறுவை அறுவடையில் இரண்டு வாரம் அவர்கள் கொள்முதல் நிலைய வாசலில் நின்று பார்க்கட்டும்.

விவசாயிகளும் சும்மா இருக்கலாகாது. எந்தெந்தக் களத்தில் எத்தனை மூட்டை தேங்குகிறது என்ற கணக்கோடு, சங்கத் தீர்மானமாக எழுதி ஆவணிக்குள் தஞ்சைக்கு அனுப்பினால், புரட்டாசி அறுவடைக்கு மாணவர்களை அனுப்ப அவர்களுக்கும் அவகாசம் இருக்கும்.