ஒற்றைக் கைக்குப் பாதியா?

திரையரங்கு ஒன்றில் அணிவேலை செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவர் 1968-இல் கீழே விழுந்தார். அவர் இடக்கை முழங்கைக்கு மேல் நீக்கப்பட்டது. மற்றொரு கை உள்ளதே, இது பகுதி இயலாமைதானே என்று வாதாடினார் முதலாளி. ஒற்றைக் கையால் தச்சுவேலை ஆகாது. ஆகவே நேர்ந்தது முழு இயலாமையே என்று 1975 திசம்பரில் உச்ச நயன்மன்றம் உறுதி செய்தது. உளியும் கொட்டாப்புளியும் பிடித்தறிந்தார் எவரும் இதனை மறுக்கார்.

அத் தச்சருக்கு முதலாளி ஒருவர் இருந்தார். 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் துணைநின்றது. அவரே தம் வீட்டு முற்றத்தில் கட்டில் செய்து விற்கும் தன்தொழிலராக இருந்திருப்பின், யாரிடம் கேட்பார்? 1948-இல் வந்த தொழிலாளர் காப்பீட்டுச் சட்டமும் வேலை கொடுப்போர் உள்ளாரா என்றே முதலில் வினவியது. குயவர், தையற்காரர், பனையேறி, தள்ளுவண்டி வணிகர் ஆகியோரைத் தமக்குத் தாமே முதலாளி என்கின்றனர். ஊதியம் வருங்கால் ஒருவரும் அவரை முதலாளியாய் மதிப்பதில்லை. இழப்பு வருங்கால் மட்டும் அப் பட்டம் அவர் தலைமேல் ஏறுகின்றது!

2008-ஆம் ஆண்டுச் சட்டம் தன்தொழிலரையும் சேர்த்துக்கொண்டது மெய்யே. ஆயினும் திட்டங்கள் வகுக்கப்படும் என்றதேயன்றி, இவ்வளவு தருவோம் என்று அறுதியிட்டுரைக்கவில்லை. அவர்களுக்கு இட்ட பெயரோ 'அமைப்புசாராத் தொழிலாளர்'! இல்லாததைச் சொல்லி ஒருவரை அழைப்பது என்ன பெயரீடோ?

நடுவணரசின் உடற்குறையர் ஓய்வூதியம் 80 விழுக்காடு குறையுடைய ஏழையர்க்கே உரியது. நடுவணரசின் பங்கு திங்களுக்கு 300 உருபா. ஆண்டுக்கு 20 உருபா செலுத்தும் நேர்ச்சிக் காப்பீட்டிலோ இரு கைகள் போயின் 2 இலக்கம், ஒரு கை போயின் 1 இலக்கம். நயன்மன்றம் முழுமை என்று கண்டதைக் காப்பீடு பாதியென்று எண்ணுகின்றது. இடுப்பெலும்பு முறிந்து, நடக்க மட்டும் இயல்கின்ற பனையேறியின் நிலை இன்னுங் கொடிது. கையும் உண்டு, காலும் உண்டு; மரமேறத்தான் ஆகாது. இக் கணக்கில் அவருக்கு ஒன்றுமில்லை.

இழந்த உறுப்பை எண்ணாது, இழந்த தொழிலை எண்ணுதல் வேண்டும். மதிப்பிடும் மருத்துவரோடு அத் தொழிலறிந்த ஒருவரும் அமர்தல் வேண்டும். பணம் எங்கிருந்து வரும் என்பார்க்கு, 1996-இல் கட்டடச் செலவின்மீது விழுக்காட்டு வரி விதித்து அத் தொழிலாளர்க்கு நலநிதி திரட்ட வழி கண்டதைச் சுட்டலாம். கருப்புக்கட்டியையும் கட்டிலையும் மொத்தமாய் வாங்கி விற்கும் வணிகத்தின்மீது அவ்வாறே ஒரு சிறு வரி ஏன் கூடாது?

தன்தொழிலர் கேட்பது கொடையன்று. தீப்பெட்டி வாங்கும்போதும் துணி எடுக்கும்போதும் அவரும் வரி செலுத்தியே வந்திருக்கிறார்.