அணித் தேர்வும் சட்டைக் காலரும்



விளையாட்டைப் பற்றிய பேச்சு வீண்பேச்சு என்று ஒதுக்கிவிடும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. அத்தகைய பேச்சைக் கொண்டே இம்மாதப் பக்கத்தை நிரப்பப் போகிறேன் என்றால் அவர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும். சற்றே பொறுத்தருளுங்கள். பந்தில் தொடங்கினாலும் வட்டியில் வந்து நிற்கும் பேச்சு இது.

நியூசிலாந்து நாட்டின் ஆக்லாந்து நகரில் ‘ப்ளூஸ்’ என்றொரு தொழில்முறை ரக்பி அணி இருக்கிறது. கண்டியிலும் கொழும்பிலும் உள்ள நம் வாசகர்களுக்கு ரக்பியை விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூட அணிகளின் ஆட்டத்துக்கே ஊர் இரண்டுபடும் இடங்கள் அவை. தமிழகத்து வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் தரையில் பதிக்கும் ஆட்டம் இது. களத்தில் பதினைந்து பேர், மாற்று வீரர்களாக எட்டுப் பேர், ஆக இருபத்துமூவர். ஆட்டத்துக்கு ஓரிரு நாள் முன்னதாகப் பயிற்சியாளர் இந்த இருபத்துமூவரின் பட்டியலை வெளியிடுவார். அந்த நொடியில் ரசிகர்களின் பேச்சு தொடங்கும்.

அந்தப் பேச்சின் இலக்கணம் வேடிக்கையானது. அதில் மனிதர்கள் இல்லை, எண்கள்தாம் உண்டு. ‘பத்துக்கு ஆள் சரியில்லை’, ‘பன்னிரண்டில் இவரைப் போட்டால் பதின்மூன்றில் யார்?’, ‘ஒன்பது மெதுவாகப் பந்து தருகிறார்’ என்று சட்டையின் முதுகிலுள்ள எண்ணைக் கொண்டே அலசுவார்கள். இவற்றுள் பத்தாம் எண் ஆட்டத்தை நடத்திச் செல்லும் மூளை. அந்த இடத்துக்கு நிலையான ஒருவர் அமையவில்லை என்பது ப்ளூஸ் ரசிகர்களின் தீராக் குறையாக இருந்தது. சூப்பர் ரக்பிப் பட்டத்தை 1996, 1997, 2003 ஆகிய ஆண்டுகளில் வென்ற அணி, அதன்பின் அதே பட்டத்துக்காக இருபத்தோராண்டு காத்துக் கிடந்தது. ஒவ்வோர் ஆண்டும் புதிய பட்டியல் வரும். ‘இந்த ஆண்டு நிச்சயம்’ என்பார்கள். சில வாரங்களில் ‘அடுத்த ஆண்டு பார்ப்போம்’ என்பார்கள். மகளுக்கு வரன் தேடும் வீட்டாரைப் போல நம்பிக்கையும் சலிப்பும் மாறி மாறி வரும்.

இப்படியிருக்க, 2017ஆம் ஆண்டுக்கான பட்டியலில் ஒரு பெயர் இடம்பெற்றது. சன்னி பில் வில்லியம்ஸ். 2011, 2015 ஆகிய இரு உலகக் கோப்பைகளையும் வென்ற நியூசிலாந்து அணியில் ஆடியவர். பிரான்சு நாட்டில் ஆடிக்கொண்டிருந்த காலத்தில் இஸ்லாத்தைத் தழுவியவர். எதிரிகள் பிடித்து வீழ்த்தும் தறுவாயிலும், பந்தை ஒரு கையால் தோழனிடம் தள்ளிவிடும் அவருடைய வித்தைக்காகவே மைதானத்துக்கு வந்தோர் உண்டு. ஆனால் 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஜப்பானுக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய குதிகால் நாண் அறுந்திருந்தது. முப்பத்தொரு வயது. ஆகவே ரசிகர்களின் பேச்சு முழுவதும் அந்தக் குதிகாலைச் சுற்றியே இருந்தது. எப்போது திரும்புவார்? திரும்பினால் முழு ஆட்டமும் தாங்குவாரா? பன்னிரண்டாம் எண்ணை அவருக்குத் தந்தால் இதுவரை அங்கே ஆடியவர் எங்கே போவார்?

2017 ஏப்ரல் 8 அன்று, டுனிடின் நகரில் ஹைலேண்டர்ஸ் அணிக்கு எதிராக, மாற்று வீரராகக் களம் இறங்கினார். குதிகால் தாங்கியது. ஆயினும் மறுநாள் எவரும் குதிகாலைப் பேசவில்லை. அணிச் சட்டையின் காலரில் ஒரு வங்கியின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. அதன்மேல் அவர் டேப்பை ஒட்டி மறைத்துக்கொண்டு ஆடினார். வட்டித் தொழில் செய்யும் நிறுவனத்துக்குத் தம் உடலை விளம்பரப் பலகையாக்க அவர் விரும்பவில்லை.

ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ‘அவர் வேலை ஆடுவது, காலரில் என்ன இருந்தால் என்ன?’ என்றனர் சிலர். வேறு சிலரோ, ‘சம்பளம் மட்டும் எங்கிருந்து வருகிறது? விளம்பரதாரர் தரும் பணமும் சேர்ந்த பெட்டியிலிருந்துதானே? பணத்தை வாங்கிக்கொண்டு பெயரை மறைப்பது எவ்வகை நேர்மை?’ என்று கேட்டனர். இன்னொரு கேள்வியும் எழுந்தது. நாட்டின் அணியான ஆல் பிளாக்ஸின் சட்டையில் ஏ.ஐ.ஜி. என்ற காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் மார்பிலேயே இருந்ததே, அதை அணிந்தாரே, அது எப்படி?

இந்தக் கேள்விகளைப் பகைமையின் கேள்விகள் என்று நம்மவர்களில் பலர் தள்ளிவிட்டார்கள். அதை நான் ஏற்பதற்கில்லை. பகைமையோடு பேசியவர்களும் இருந்திருக்கலாம். 2013இல் ஆஸ்திரேலியக் கிரிக்கெட் அணியின் ஃபவாத் அஹ்மத் பீர் நிறுவனத்தின் பெயரில்லாத சட்டை அணிந்தபோது, அந்நாட்டின் புகழ்பெற்ற முன்னாள் ரக்பி வீரர் ஒருவரே அவரை ஊருக்குத் திரும்பிப் போகச் சொன்னார். அது பகைமை. ஆனால் சம்பளம் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்ற கேள்வி அப்படியன்று. வங்கியில் கணக்கெழுதும் மகனைப் பெற்ற தந்தையும், கடன் நிறுவனத்துக்குக் கட்டடத்தை வாடகைக்கு விட்ட தாயும் தம் வீட்டு ஆலிமிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்விதான் அது. வேறு நாட்டு ரசிகர் வேறு மொழியில் கேட்டார் என்பதற்காக அது கெட்ட கேள்வி ஆகிவிடாது.

வில்லியம்ஸ் தந்த விளக்கம் சுருக்கமானது. மார்க்கத்தை மேலும் அறிய அறிய, முன்பு தயக்கமின்றிச் செய்தவற்றில் சில இப்போது தம் மனத்துக்கு ஒவ்வவில்லை என்றார். சட்டையில் ஒரு சின்னம் சிலருக்குச் சிறு விஷயமாகத் தோன்றலாம், தமக்கு அப்படியில்லை என்றார். கவனியுங்கள்: ‘நான் முழுவதும் தூய்மையாகிவிட்டேன்’ என்று அவர் சொல்லவில்லை. முன்பு செய்ததை நியாயப்படுத்தவும் இல்லை. படிக்கட்டில் ஏறிக்கொண்டிருப்பவனைப் பார்த்து, ‘மாடிக்கு இன்னும் போகவில்லையே, இறங்கிவிடு’ என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? அதே வேளையில், ஏறிக்கொண்டிருப்பவரைப் பிடித்து ‘இவரே மாடி’ என்று நாம் கொண்டாடுவதும் சரியில்லை. காப்பீடு குறித்து உலமாக்களிடையே நீண்ட விவாதம் உண்டு. அதை ஒரு ரக்பி வீரரின் மார்பைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ள முடியாது.

நியூசிலாந்து ரக்பி நிர்வாகம் இதைக் கையாண்ட விதம் குறிப்பிடத்தக்கது. சில நாட்களிலேயே அவரோடு பேசி, வங்கி, மது, சூதாட்ட நிறுவனங்களின் சின்னங்களை அணிய அவர் மறுப்பதை மனச்சாட்சியின்பாற்பட்ட மறுப்பாக ஏற்றுக்கொண்டது. வழக்கு இல்லை, அபராதம் இல்லை. தென்னாப்பிரிக்காவின் ஹாஷிம் ஆம்லா மது நிறுவனச் சின்னமில்லாத சட்டையோடு ஆண்டுக்கணக்கில் ஆடியதை நம் வீட்டுப் பிள்ளைகள் அறிவார்கள். ஆம்லா போட்ட தடத்திலேயே இதுவும் சென்றது.

இங்கே சற்று நம் பக்கமும் திரும்பிப் பார்ப்போம். பெருநாளை ஒட்டி நம் ஊர்களில் இளைஞர்கள் கால்பந்துப் போட்டி நடத்துகிறார்கள். சட்டை வழங்கியவர் யார்? முதுகில் பளபளக்கும் பெயர் நகை அடகுக் கடையுடையதா, நிதி நிறுவனத்துடையதா? ஜமாஅத்தில் எவராவது கேட்டதுண்டா? ஆக்லாந்துக் காலரில் ஒட்டிய டேப்பின் படத்தைப் பெருமையோடு பகிர்ந்த அதே தம்பி, அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கோல் அடிக்கிறான். அவனைக் குறை சொல்லவில்லை. அவனுக்குச் சட்டை வாங்கித் தர நம்மில் எவரும் முன்வரவில்லை என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

ப்ளூஸ் அணியின் அவ்வாண்டுக் கதையையும் முடித்துவிடுகிறேன். ஜூன் 7ஆம் நாள், ஈடன் பார்க்கில், பிரிட்டன், அயர்லாந்து வீரர்களின் கூட்டணியான லயன்ஸை ப்ளூஸ் 22-16 என்று வென்றது. வில்லியம்ஸ் ஒரு ட்ரை பதித்தார்; இறுதி வெற்றி ட்ரைக்கும் அவருடைய அந்த ஒற்றைக் கை வித்தை வழி செய்தது. நம்மவர்களின் பக்கங்களெல்லாம் அவர் படமாக இருந்தது. ஜூலை 1ஆம் நாள், வெலிங்டனில், அதே லயன்ஸுக்கு எதிராக நாட்டின் அணிக்கு ஆடியபோது எதிரணி வீரரின் தலையில் தோளால் மோதிச் சிவப்பு அட்டை பெற்றார். 1967க்குப் பின் ஆல் பிளாக்ஸ் வீரர் ஒருவர் வெளியேற்றப்பட்டது அதுவே முதன்முறை. நாடு 21-24 என்று தோற்றது. அவருக்கு நான்கு வாரத் தடை. நம்மவர்களின் பக்கங்களில் அன்று அமைதி. ஜூனில் அவர் நம்மவர், ஜூலையில் அவர் நியூசிலாந்துக்காரர் என்றால், நாம் நேசித்தது எதை என்று யோசிக்கத் தோன்றுகிறது. ஆக்லாந்து ரசிகர்களாவது நேர்மையாகத் திட்டினார்கள்! ப்ளூஸ் அணியோ, மற்ற நான்கு நியூசிலாந்து அணிகளும் இறுதிச் சுற்றுகளுக்குச் சென்றபோது, வழக்கம்போல் வீட்டில் இருந்தது.

2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் ஐம்பத்தொருவர் உயிரிழந்த கொடுமைக்குப் பின், ஆறுதல் சொல்ல அந்நகருக்கு வில்லியம்ஸ் சென்றார். அவருடன் ப்ளூஸ் அணித் தோழர் ஓஃபா துங்காஃபாசியும் சென்றார். முன்வரிசையில் ஆடும் மலை போன்ற மனிதர். அந்நாட்களிலேயே அவரும் வில்லியம்ஸின் தாயாரும் கலிமா மொழிந்தார்கள்.

2024இல் ப்ளூஸ் அணி சீஃப்ஸ் அணியை 41-10 என்று வென்று, இருபத்தோராண்டுக் காத்திருப்பை முடித்துக்கொண்டது. வில்லியம்ஸ் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். துங்காஃபாசி அணியில் இருந்தார். அந்தப் பருவம் முழுவதும் அவரைப் பற்றி ரசிகர்கள் பேசியது ஒன்றே ஒன்றுதான்: எதிரணியின் முன்வரிசையை எத்தனை நிமிடம் தள்ளிக்கொண்டு போவார் என்பது.