சாமியைத் தூது அனுப்பாதீங்க

போன மாசம் மாட்டுங்காவில் ஒரு கல்யாணம். பந்தியில் என் மனைவிக்குப் பக்கத்தில் தூரத்து உறவில் ஒரு அத்தை உட்கார்ந்தார். பாயசம் வருவதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு வந்தவர் போலிருந்தது.

"நடந்தது நடந்து போச்சு, தாயி. பரவையாருக்கே சாமி ரெண்டு தடவ தூது போனாரு. பொம்பளை மனசு எறங்கணும். உள்ளேயே போட்டுப் புழுங்கினா குடும்பத்துக்கு ஆகாது."

என் மனைவி இலையை மடித்துவிட்டு எழுந்து கை கழுவப் போனாள். எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த நான் ஒன்றும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். அன்றைக்குப் பேசாததை இங்கே பேசுகிறேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இதைப் பேச இவனுக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். யோக்கியதை இல்லைதான். தப்பு செய்தவன் நான். வங்கி உத்தியோகத்தில் மாற்றல் என்று ஒன்று உண்டு. அப்படி ஒரு மாற்றலில், குடும்பத்தை சயானில் விட்டுவிட்டு வேறு ஊரில் இரண்டு வருஷம் தனியாக இருந்தேன். அங்கே ஒரு பெண்ணோடு பழக்கம். தனிமை, வேலைப் பளு என்று காரணம் சொல்லிப் பார்த்தேன். "நானும்தான் இங்க ரெண்டு வருஷம் தனியா இருந்தேன்" என்றாள் மனைவி. அதற்கப்புறம் அந்தக் காரணத்தை நான் எடுக்கவேயில்லை.

எப்படி மாட்டினேன் என்கிறீர்களா? வருமான வரிக்காக என் கணக்கு ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு டிக் அடித்துக்கொண்டிருந்தவள் அவள். ஊரார் கணக்கையெல்லாம் சரிபார்க்கிறவன் சொந்தக் கணக்கில் மாட்டினான். நாலு வருஷம் ஆகிறது. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். சேர்ந்துவிட்டோமா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

விஷயம் வெளியே தெரிந்ததும் புத்திமதி வரத் தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால், எனக்கு வந்தது கொஞ்சம், அவளுக்கு வந்ததுதான் மூட்டை மூட்டையாக. திருநெல்வேலியிலிருந்து என் அம்மா தினமும் போன் போட்டு அவளிடம் கந்த சஷ்டி கவசம் படிக்கச் சொன்னார். என்னிடம் "சாப்பிட்டியாப்பா" என்று கேட்டார். ஒரு ஜோசியர் ஜாதகத்தைப் புரட்டிவிட்டு சுக்கிரன் கெட்டிருக்கிறான், பரிகாரம் செய்தால் சரியாகிவிடும் என்றார். எனக்கு அப்போது எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? செய்தது சுக்கிரன்! நான் சும்மா கூட இருந்தேன், அவ்வளவுதான். அந்தப் பரிகாரத்துக்குப் பணமும் கட்டினேன். அந்த ரசீது இன்னும் பீரோவில் இருக்கிறது.

அப்புறம் நான் பக்திமான் ஆனேன். செவ்வாய்க்கிழமை தவறாமல் செம்பூர் சேடா நகர் முருகன் கோயில். சனிக்கிழமை மாட்டுங்கா ஆஸ்திக சமாஜம். நெற்றி நிறைய விபூதி. அதே சமயத்தில் வீட்டில் அவள் விளக்கு ஏற்றுவதை நிறுத்திவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை தவறவிடாதவள். சொந்தக்காரர்கள் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும் யோசித்துப் பாருங்கள். தப்பு செய்தவன் திருந்தி சாமி கும்பிடுகிறான், இவள்தான் வீம்பு பிடித்து நிற்கிறாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி பிரசாதத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

"அங்க மன்னிப்பு கெடச்சாச்சா?" என்றாள். "அப்ப இங்க எதுக்கு நீட்டுறீங்க? கடன் குடுத்தவ நான். நான் குடுக்காத ரசீதுல அவரு எப்படிக் கையெழுத்துப் போடுறாரு?"

பி.காம். படித்து, இருபது வருஷம் கடன் பிரிவில் குப்பை கொட்டியவனுக்கு இது உறைக்காமல் இருக்குமா? வங்கியில் 'ரைட் ஆஃப்' என்று ஒன்று உண்டு. வராக்கடனைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுவோம். பேப்பரில் செய்தி வந்ததும் ஜனங்கள் 'கடன் தள்ளுபடி' என்று கொதிப்பார்கள். தள்ளுபடி வேறு, ரைட் ஆஃப் வேறு. புத்தகத்தில் இல்லாவிட்டாலும் கடன்காரன் கடன்காரன்தான், வசூல் நடக்கும். தவணை 90 நாளைத் தாண்டி நின்றுபோன கணக்கை மறுபடி நல்ல கணக்கு என்று சொல்ல வேண்டுமானால் பாக்கி முழுதும் கட்டியாக வேண்டும். ஒரு தவணை கட்டிவிட்டு "நான்தான் கட்ட ஆரம்பிச்சிட்டேனே" என்றால் எந்த மேனேஜரும் கேட்க மாட்டார். நான் அந்த ஒரு தவணையைக்கூட அவளிடம் கட்டவில்லை. கோயில் உண்டியலில் போட்டுவிட்டு வந்து நின்றேன்.

சரி, அத்தையின் பரவையாருக்கு வருவோம். பெரிய புராணத்தைத் துணைக்குக் கூப்பிடுகிறவர்கள் அதை முழுசாகப் படித்துவிட்டுக் கூப்பிட வேண்டும். சுந்தரர் திருவாரூரில் பரவையாரோடு வாழ்ந்தவர். திருவொற்றியூர் போனார், சங்கிலியாரை மணந்தார், பிரிய மாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். அந்தச் சத்தியத்திலேயே ஒரு தில்லுமுல்லு பார்த்தார் மனிதர். நான் சன்னதியில் சத்தியம் செய்யும்போது நீ மரத்துக்குப் போய் இருந்துகொள் என்று சாமியிடமே ஏற்பாடு. சாமியோ சங்கிலியார் கனவில் போய், மரத்தடியில் சத்தியம் கேள் என்று சொல்லிவிட்டார். பிறகு திருவாரூர் நினைப்பு வந்து ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போயிற்று. தடவித் தடவி நடந்து, வழியில் ஒரு ஊன்றுகோல் வாங்கி, காஞ்சிபுரத்தில் இடது கண், திருவாரூரில் வலது கண். இவ்வளவும் பட்ட பிறகுதான் பரவையார் வீட்டுக் கதவு.

அந்தக் கதவும் திறக்கவில்லை. சிவனே அர்ச்சகர் வேஷத்தில் நடு ராத்திரியில் போய்க் கேட்கிறார். பரவையார் முடியாது என்கிறார். கடவுள் திரும்பி வருகிறார். அத்தை, கடவுள் திரும்பி வருகிறார்! சாபம் கொடுக்கவில்லை, "பொம்பளை மனசு எறங்கணும்" என்று பிரசங்கம் செய்யவில்லை. இரண்டாவது முறை தன் சொந்த ரூபத்தில் போகிறார், அப்போதுதான் அந்த அம்மாள் இணங்குகிறார். கடவுளிடமே முடியாது என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு உரிமை இருந்தது என்பதற்கு இந்தக் கதை சாட்சி. அதைக் கொண்டுபோய் இன்னொரு பெண்ணின் வாயை அடைக்கப் பயன்படுத்துகிறோம்.

கண்ணகியும் இப்படித்தான். திரும்பி வந்த கோவலனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சிலம்பை எடுத்துக் கொடுத்தாள் என்பார்கள். 1968-ல் மெரினாவில் சிலை வைத்தோம், 2001-ல் எடுத்தோம், 2006-ல் திரும்ப வைத்தோம். அந்தச் சிலை ராஜாவிடம் கோபப்பட்ட கண்ணகிக்கு. புருஷனிடம் கோபப்பட்டவளுக்கு எந்தக் கடற்கரையில் சிலை இருக்கிறது?

ஆனால் அதே பெரிய புராணத்தில் அத்தை மேற்கோள் காட்டாத ஒருத்தி இருக்கிறாள். தில்லையில் திருவோடு செய்து அடியார்களுக்குக் கொடுத்த குயவர் திருநீலகண்டர். பாகவதர் நடித்து 1939-ல் படமாகக்கூட வந்த கதைதான். அவர் ஒரு பரத்தை வீட்டுக்குப் போய்விட்டு வருகிறார். மனைவிக்குத் தெரிந்துவிடுகிறது. வீட்டு வேலை எல்லாம் செய்கிறாள், ஆனால் நெருங்க விடவில்லை. அவர் கெஞ்சிக்கொண்டே தொட வரும்போது, திருநீலகண்டத்தின் மேல் ஆணை, எம்மைத் தொடாதீர் என்று சொல்லிவிடுகிறாள். எம்மை என்று பன்மையில் சொன்னதால், இனி எந்தப் பெண்ணையும் மனதால்கூடத் தொட மாட்டேன் என்று அவர் எடுத்துக்கொள்கிறார். அப்படியே ஒரே வீட்டில், அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல், கிழவனும் கிழவியும் ஆகும்வரை இருக்கிறார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அவள் நின்ற இடம். போகவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. எந்தச் சாமியை அவர் கும்பிட்டாரோ அந்தச் சாமியின் பெயரைச் சொல்லியே தடுத்தாள். நம் ஆட்கள் அதே பெயரைச் சொல்லி "விட்டுக்கொடு" என்கிறார்கள். நீலகண்டம் என்பதே விழுங்காமலும் துப்பாமலும் நிறுத்தி வைத்த விஷம்தானே?

என் மனைவி ஒரு வக்கீலைப் பார்த்தாள். சயானிலிருந்து பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் குடும்ப நீதிமன்றம் பெரிய தூரம் இல்லை. கேஸ் போடவில்லை, கேட்டுக்கொண்டு வந்தாள். 1955 இந்து திருமணச் சட்டத்தில் 13-ஆம் பிரிவு இதை விவாகரத்துக்குக் காரணமாகச் சொல்கிறது. 1976 திருத்தத்துக்குப் பிறகு ஒரு தடவை நடந்திருந்தாலே போதும். ஆனால் 23-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மன்னித்துப் பழையபடி மனைவியாக வாழ ஆரம்பித்துவிட்டால், அதே காரணத்தைச் சொல்லி விவாகரத்து கேட்க முடியாது. அதாவது மன்னிப்புக்குச் சட்டத்தில் ஒரு விலை இருக்கிறது. அவசரப்பட்டு மன்னித்தால் அவள் கையில் இருக்கிற ஒரே ஆயுதம் போய்விடும். பந்தியில் பாயசத்துக்கு முன்னால் மன்னிக்கச் சொல்கிறவர்களுக்கு இது தெரியுமா?

2018-ல் சுப்ரீம் கோர்ட் 497-ஆம் பிரிவை ரத்து செய்தபோது வந்த பேச்சும் ஞாபகம் வருகிறது. 1860-லிருந்து இருந்த பிரிவு அது. இன்னொருவன் மனைவியோடு உறவு வைத்தால், அந்த இன்னொருவன் புகார் கொடுக்கலாம். ஏமாந்த மனைவி தன் புருஷன் மேல் புகார் கொடுக்க அதில் வழியே கிடையாது. ஐந்து நீதிபதிகள் ரத்து செய்தது நியாயம். ஆனால் என் விஷயம் தெரிந்ததும் ஒரு நண்பன் முதுகில் தட்டி "கோர்ட்டே தப்பில்லைன்னு சொல்லிருச்சுல்ல" என்றான். ஜெயில் இல்லை என்றுதான் சொன்னார்கள். தப்பில்லை என்று சொல்லவில்லை, விவாகரத்துக்குக் காரணமாக அது அப்படியே இருக்கிறது. எதிலிருந்தும் தனக்கு ஒரு சலுகையை உருவி எடுத்துக்கொள்ள ஆண்களுக்குத் தெரியும். சுக்கிரனிலிருந்து எடுத்தவன் நான், அதனால் சொல்கிறேன்.

நீலகண்டர் கதைக்கு ஒரு முடிவு இருக்கிறது. சிவன் யோகியாக வந்து ஒரு ஓட்டைக் கொடுத்து வைத்துவிட்டுப் போகிறார், அதை மறையவும் செய்கிறார். திரும்பி வந்து கேட்கிறார், ஓடு இல்லை. திருடவில்லை என்றால் மனைவி கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்கிறார். வழக்கு தில்லைவாழ் அந்தணர் வரை போகிறது. ஒரு மூங்கில் கழியின் இரண்டு முனைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். கையைப் பிடி என்று யோகி விடாமல் நிற்கிறார். அப்போதுதான் அந்தக் கிழவர், கூடியிருக்கிற ஊர் கேட்க, இளமையில் தான் செய்ததைச் சொல்கிறார். சொல்லிவிட்டு மூழ்கினார்கள். எழுந்தபோது இருவருக்கும் இளமை.

இளமை வந்ததைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். சிதம்பரத்தில் இளமையாக்கினார் கோயில் என்றே பெயர். எனக்கோ அதற்கு முந்தின நிமிஷம்தான் கண்ணில் நிற்கிறது. கதை முழுக்கத் தேடிப் பாருங்கள், சிவன் ஒரு இடத்திலும் அந்தப் பெண்ணைப் பார்த்து மன்னித்துவிடு என்று சொல்லவில்லை. அவர் செய்ததெல்லாம் அந்த ஆளை ஊர் நடுவில் வாயைத் திறக்க வைத்ததுதான்.

இதற்குமேல் எனக்குச் சமாதானம் ஆகாத இடமும் ஒன்று இருக்கிறது. இளமை முழுதும் போகும்வரை சாமி எங்கே போயிருந்தார்? அவர்கள் வைராக்கியத்தை உலகுக்குக் காட்டத்தான் காத்திருந்தார் என்பார்கள். உலகுக்குக் காட்ட ஒரு பெண்ணின் இளமை முழுதும் வேண்டுமா? ஆணை இட்டவள் அவள், நாயனார் ஆனவர் அவர். சேக்கிழார் அவள் பெயரைக்கூடச் சொல்லவில்லை. இதைச் சாமியிடம் கேட்டிருக்கிறேன், சேடா நகரில் நின்றுகொண்டே. பதில் வரவில்லை. இப்போதும் போகிறேன், விபூதி பூசிக்கொண்டு வந்து வீட்டில் காட்டுவதில்லை. கேட்க ஒன்றும் இல்லாமல் நிற்கிறேன், அது முன்னைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

சயான் தலாவைத் தாண்டித்தான் தினமும் வீட்டுக்கு வருகிறேன். பிள்ளையாரைக் கரைக்கிற குளம். அதில் முழுகி எழுந்தால் இளமை வராது, சொறிதான் வரும். நமக்கு வாயைத் திறக்கிற பாகம் மட்டும்தான் சாத்தியம். என் அம்மாவிடம் போன தீபாவளிக்கு நேரில் போய், செய்தது சுக்கிரன் இல்லை, நான்தான் என்று சொன்னேன். அம்மா அழுதார், அப்புறம் அவளுக்கு கவசம் படிக்கச் சொல்லி போன் வருவது நின்றது. இதை எழுதலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "உங்க பேர நாறடிச்சுக்கிறதுக்கு என் பர்மிஷன் எதுக்கு? என்னப் பத்தி மட்டும் ஒரு வரி கூடுதலா எழுதாதீங்க" என்றாள். ஆகவே அவள் இப்போது விளக்கு ஏற்றுகிறாளா இல்லையா என்பதை நான் சொல்லப் போவதில்லை.

அடுத்த மாசம் அந்த அத்தை எங்கள் வீட்டுக்கு வருகிறார், நாலு நாள் தங்குவார். நேற்று நானே போன் செய்தேன். வாங்க, இருங்க, அவளிடம் மட்டும் அந்தப் பேச்சை எடுக்காதீங்க, எடுப்பதானால் என்னிடம் எடுங்க என்றேன்.

"ஒங்கிட்ட என்னத்தப்பா கேக்க?" என்றார்.

"நான் என்ன செஞ்சேன்னு கேளுங்க அத்தை. இதுவரைக்கும் யாருமே கேக்கல."