குளிரா, ஈரமா?

காட்டாக்கடையில் தெர்மாமீட்டர் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஸ்வெட்டருக்கு அங்கே வேலையில்லை. ஆனாலும் இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டால் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் மூட்டு வலிப் புலம்பல் தொடங்கிவிடும். 1956இல் களியக்காவிளையில் மாநில எல்லை விழுந்தது. வைத்தியத்துக்கு எல்லை விழவில்லை. உழிச்சலுக்கும் மருந்துக் கஞ்சிக்கும் கேரளத்தில் கர்க்கடகம் என்றால் இந்தப் பக்கம் ஆடி. மாதம் ஒன்றுதான்.

மழைக்கும் மூட்டுக்கும் உண்மையிலேயே சம்பந்தம் உண்டா? ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்காவில் முதியவர்கள் டாக்டரிடம் போன 1.1 கோடிக்கும் அதிகமான தடவைகளை அலசி 2017இல் வெளியான ஆய்வு, மழை நாளுக்கும் வலிக்கும் தொடர்பில்லை என்றது. 2019இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகக் குழு வேறு முடிவுக்கு வந்தது. 2,600க்கும் மேற்பட்டவர்கள் தினமும் பதிவு செய்த வலிக் கணக்கில், காற்றில் ஈரம் ஏறி அழுத்தம் இறங்கிய நாள்களில் வலி சற்றே கூடியிருந்தது. வெப்பநிலைக்கு அதில் பெரிய பங்கில்லை. குளிரே இல்லாத காட்டாக்கடையில் முழங்கால் முனகுவதற்கு இது ஓரளவு விளக்கம்.

இன்னொரு காரணம் சாதாரணமானது. மழை கொட்டினால் ரப்பர் வெட்டு நின்றுவிடும், நடமாட்டம் குறையும். அசையாத மூட்டு இறுகும். வீட்டுக்குள்ளேயே நடப்பது, உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்குவது, ஈரத்துணியை உடனே மாற்றுவது, 15 நிமிட வெந்நீர் ஒத்தடம் எல்லாம் பலன் தரும். உழிச்சல் இதமானதுதான், ஆனால் நடைக்கு மாற்று அல்ல. சிவந்து வீங்கிச் சுடும் மூட்டை அழுத்தித் தேய்க்கவே கூடாது.

காய்ச்சலோடு வரும் மூட்டு வலி வேறு ரகம். 2006, 2007இல் கேரளத்தை உலுக்கிய சிக்குன்குன்யா பலரை மாதக்கணக்கில் முடக்கிப் போட்டது. ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் சிரட்டையில் தேங்கும் மழைநீரே அந்தக் கொசுவுக்குத் தொட்டில். டெங்கு இல்லை என்று தெரியும்வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை ஆபத்து.

கர்ப்பிணிகள் விஷயத்தில் இந்த எச்சரிக்கை இன்னும் கடுமையாக வேண்டும். ஹார்மோன்களால் தசைநார்கள் தளர்கின்றன, எடை ஏறுகிறது. இடுப்பும் முழங்காலும் வலிப்பது இயல்பு. ஆனால் கடையில் கேட்டு வாங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகள் 20 வாரத்துக்குப் பிறகு சிசுவின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும். கடைசி மாதங்களில் சிசுவின் இதயத்தருகே உள்ள முக்கிய ரத்தக் குழாய் முன்கூட்டியே மூடிக்கொள்ளும் அபாயமும் உண்டு. பாராசிட்டமாலோடு டைக்ளோஃபெனாக்கும் கலந்த மாத்திரை நம் கடைகளில் தாராளம். அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் விழுங்கக் கூடாது. வலித் தைலங்களுக்கும் இது பொருந்தும். (டாக்டரே எழுதித்தரும் குறைந்த அளவு ஆஸ்பிரின் வேறு விஷயம்; அதைத் தானாக நிறுத்தக் கூடாது.) கர்க்கடக மருந்துகளையும் கர்ப்பத்தைச் சொல்லிக் கேட்காமல் குடிப்பது சரியல்ல. இடது பக்கமாகப் படுத்து முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்துக்கொள்வது செலவில்லாத வைத்தியம்.

முடக்குவாதக்காரர்களுக்கு ஒரு வினோதம் நேர்கிறது. கர்ப்ப காலத்தில் பலருக்கு வலி தணிந்துவிடும். மேயோ கிளினிக்கின் ஃபிலிப் ஹென்ச் 1930களில் இதைக் கவனித்து, அந்த இழையைப் பிடித்துக்கொண்டே கார்ட்டிசோன் சிகிச்சைக்கு வந்துசேர்ந்தார். 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும் பெண்கள் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே, சில மாதங்கள் முன்னதாக, டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். தணிந்த வலி பிரசவத்துக்குப் பின் திரும்புவதும் சகஜம். காலையில் விரல் மூட்டுகள் அரை மணிக்கு மேல் இறுகியிருந்தால் அதைப் பிள்ளை பெற்ற களைப்பு என்றோ, வேதுகுளியில் சரியாகிவிடும் என்றோ தள்ளிப் போடாமல் டாக்டரிடம் காட்டுவது நல்லது.