மழைக்காலத்தில் முரண்டு பிடிக்கும் கார்

ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் கோட்டைப்பட்டினம், மீமிசல் பகுதிகளில் பழைய பெட்ரோல் கார்கள் ஃபஜ்ரு வேளையில் கிளம்ப மறுக்கின்றன. நம்மவர்கள் பலர் உடனே புதிய பேட்டரி வாங்குகின்றனர். ஸ்டார்ட்டர் வேகமாகச் சுழன்றும் எஞ்சின் பற்றவில்லையெனில், பேட்டரி மீது பழி சுமத்துவது அநியாயம். காரணம் அறியாமல் செலவிடுவதை வீண்விரயம் என்றே நாம் கருதுகிறோம்.

ஈரமும் கடற்காற்றின் உப்பும் படிந்த பிளக் வயர்கள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி வழியே உயர் மின்னழுத்தம் கசிந்துவிடுகிறது. பிளக்கில் பொறி விழுவதில்லை. இருட்டில் பானட்டைத் திறந்து, ஒருவரைச் சாவியைத் திருகச் சொன்னால், விரிசல் விட்ட வயரில் நீலப்பொறி ஓடுவதைக் காணலாம். அப்போது கை வைத்துவிடாதீர்கள்! சாவியை எடுத்தபின் உலர்ந்த துணியால் துடைத்தால் தற்காலிகமாகக் கிளம்பும்; விரிசல் விட்ட வயரை மாற்றியே ஆகவேண்டும். அதையும் மழைக்கு முன்பே செய்துவிடுங்கள். நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை அறந்தாங்கி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல, அண்டை வீட்டார் நம் வாசலுக்குத்தான் வருவார்கள்.