எழாத கணினியும் எஸ்.பி. ரோடும்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. அது சென்று சேர்ந்த விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் உறைந்தன. மீண்டும் இயக்கினால் மீண்டும் அதே நீலத்திரை. பாதிக்கப்பட்டவை 85 லட்சம் கணினிகள் என்று மைக்ரோசாஃப்ட் பின்னர் மதிப்பிட்டது. பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்தில் வரிசைகள் நீண்டன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸ்கள் பேனாவால் எழுதித் தரப்பட்டன.

பிழை மிகச் சிறியது. 20 உள்ளீடுகளை மட்டுமே எதிர்பார்த்திருந்த நிரலிடம் 21ஆவது உள்ளீட்டைப் படிக்கச் சொன்னதே காரணம் என்று அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. பிழையான கோப்பு 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் விழுந்த கணினிகளில் பெரும்பாலானவை எழவில்லை. திருத்தம் இணையம் வழியே வரவேண்டும். இணையத்தோடு இணைய, கணினி முதலில் எழவேண்டும். ஆகவே ஒவ்வொரு கணினியின் முன்னும் ஒரு மனிதர் சென்று அமர்ந்து, அதைப் பாதுகாப்பு நிலையில் இயக்கி, அந்த ஒற்றைக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. வட்டு பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியும் தேவைப்பட்டது. மேகக் கணிமையின் பெருமை பேசப்படும் காலத்தில், உலகை மீட்டவை கைகளே.

அத்தகைய கைகள் பெங்களூரில் எங்கே இருக்கின்றன என்று கேட்டால், வெளிவட்டச் சாலையின் கண்ணாடி மாளிகைகளை மட்டும் காட்டினால் போதாது. டவுன்ஹாலுக்கு அருகே, சாதர் பத்ரப்பா சாலை என்ற முழுப்பெயரை எவரும் சொல்லாத எஸ்.பி. ரோட்டையும் காட்ட வேண்டும். கன்னடமும் தமிழும் உருதும் இந்தியும் கலந்து ஒலிக்கும் அந்தச் சந்துகளில், உயிர் போனதாகக் கருதப்பட்ட கணினிகள் நாள்தோறும் எழுப்பப்படுகின்றன.

அங்கே நடப்பதைப் பொருளை மாற்றிப் பொருத்தும் வேலை என்று எண்ணுவது பிழை. அது ஒரு தருக்க முறை. முதலில் மின்சாரம்: பவர் சப்ளையின் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு சிறு கம்பியால் இணைத்து, அது தனியே இயங்குகிறதா என்று பார்க்கிறார்கள். இயங்கினால் 12, 5, 3.3 வோல்ட்டுகள் சரியாக வருகின்றனவா என்று மல்டிமீட்டரால் அளக்கிறார்கள். பிறகு தேவையற்ற அனைத்தையும் கழற்றிவிட்டு, பிராசஸரும் ஒரே ஒரு ரேமும் மட்டும் வைத்து இயக்குகிறார்கள். அந்த ரேமையும் எடுத்துவிட்டு இயக்கும்போது கணினி பீப் ஒலி எழுப்பினால், பழுதுபார்ப்பவர் மகிழ்கிறார். குறை சொல்லும் அளவுக்கு மதர்போர்டு உயிரோடிருக்கிறது என்று அதற்குப் பொருள். ரேமின் பொன்னிறத் தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் துடைத்து மீண்டும் செருகியதுமே எழுந்துவிடும் கணினிகள் பல. ஐயங்களை ஒவ்வொன்றாக விலக்கிக் காரணத்தை நெருங்கும் இம்முறைக்கும் ஆய்வகத்தில் நடப்பதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. ஆனால் ஒன்றுக்குப் பட்டம் உண்டு. மற்றொன்றுக்கு முக்காலி மட்டும்.

இந்த அறிவு இப்போது வேறொரு திசையிலிருந்து முடக்கப்படுகிறது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. சிலவற்றில் சேமிப்பகமும் அவ்வாறே. சுற்று வரைபடங்கள் பொதுவாக வெளியில் தரப்படுவதில்லை. ஒரு சிறு மின்தேக்கி பழுதானாலும் முழு போர்டையும் மாற்றுங்கள் என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். அதன் விலை புதிய கணினியின் விலையை நெருங்கும்போது, பழையது குப்பைக்குப் போகிறது. சேமிப்பகம் அந்தப் போர்டிலேயே இருந்தால், நகலெடுக்காத தரவும் உடன் போகிறது. அந்தத் தரவு ஒருவருக்கு நான்காண்டுக் களப்பணிக் குறிப்புகள். இன்னொருவருக்குச் சிறு கடையின் ஜிஎஸ்டி கணக்கு. ஒரே மடிக்கணினியைப் பகிர்ந்து படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு.

தெருவோரப் பழுதுபார்ப்பில் ஏமாற்று உண்டு, போலி உதிரிபாகம் உண்டு, தரவுத் திருட்டு அச்சமும் உண்டு என்ற மறுப்பு எழும். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் வரைபடத்தையும் அசல் உதிரிபாகத்தையும் மறைத்துவைத்துவிட்டு, ஊகத்தாலும் போலியாலும் வேலை செய்கிறார்கள் என்று குறைகூறுவது நியாயமாகாது. திருடனைத் தடுக்கும் பூட்டு வேண்டியதே. அதன் சாவி உரிமையாளரிடம் இருக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்ப்பு உரிமைக்காக 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று அதற்கான இணையத்தளம் தொடங்கப்பட்டது. வரவேற்கத்தக்க தொடக்கம். எனினும் தகவல் தரும் தளம், உரிமை தரும் சட்டம் ஆகாது. பிரான்சில் 2021 முதல் மடிக்கணினி உள்ளிட்ட சில பொருள்களை விற்கும்போது, அவற்றை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்பதற்கான மதிப்பெண் கட்டாயமாகக் காட்டப்படுகிறது. வாங்கும்போதே தெரிந்துகொள்ளும் வாய்ப்பு இங்கும் வேண்டும்.

சட்டம் வரும்வரை கர்நாடக அரசு காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் கணினி வாங்கும் ஒப்பந்தப்புள்ளிகளில், சுற்று வரைபடமும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு உதிரிபாகமும் தரப்பட வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தாலே பெரிய மாற்றம் தொடங்கும். தொழிற்பயிற்சி நிலையங்கள் எஸ்.பி. ரோட்டின் அனுபவசாலிகளைப் பயிற்றுநர்களாக அழைத்து, மாணவர்களை அவர்களருகே அமர்த்தலாம். உரிமையாளர்களுக்கும் கடமையுண்டு: மீட்புச் சாவியைக் கணினிக்கு வெளியே எழுதிவைப்பதும், தரவை இன்னோரிடத்தில் நகலெடுத்து வைப்பதும் எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியவை அல்ல.

ஜூலை 19 அன்று விழுந்த கணினிகள் எழுந்ததற்கு ஒரே காரணம், எதை அழிக்க வேண்டும் என்பது அனைவருக்கும் சொல்லப்பட்டது. கோப்பின் பெயர் வெளியானது, வழிமுறை வெளியானது. எவர் கையும் அதைச் செய்ய முடிந்தது. ஒரு நெருக்கடி நாளில் உலகெங்கும் வழங்கப்பட்ட அந்தத் திறந்த அறிவை, சாதாரண நாளில் எஸ்.பி. ரோட்டின் முக்காலிக்கு மறுப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?