சாலவனத்தில் ஒரு குளிர்காலக் காலையும் பறவைக் கணக்கும்

சனவரி மாதத்தில் காலை ஏழு மணிக்கு டேராடூன் பள்ளத்தாக்கின் சாலவனத்துள் நுழைவோர் முதலில் காண்பது மூடுபனி ஒன்றையே. இலைகளினின்று பனிநீர் சொட்டும் ஓசையன்றி வேறொன்றும் கேட்பதில்லை. அரைமணி நேரம் நடந்தும் ஒரு பறவையேனும் தென்படாமையால் மனம் சலித்துத் திரும்பிவிடுவோரும் உண்டு.

வெயில் மரமுடிகளைத் தொட்டபின் நிலைமை மாறுகிறது. இமயத்தின் உயர்ந்த சரிவுகளினின்று குளிருக்கு அஞ்சி இறங்கிவந்த சிறு பறவைகளும், அடிவாரத்திலேயே ஆண்டு முழுதும் வாழ்வனவும் ஒரே கூட்டமாய் இரை தேடி வருகின்றன. கதிர்க்குருவிகள் இலைகளின் அடிப்புறத்தை ஆராய்கின்றன. மரங்கொத்தி பட்டையைத் தட்டிப் பார்க்கிறது. செந்நிற ஆணும் மஞ்சள்நிறப் பெண்ணுமாய் மின்சிட்டுகள் உச்சிக் கிளைகளில் தாவுகின்றன. இவற்றின் அசைவால் கலைந்தெழும் பூச்சிகளைத் துடுப்புவால் கரிச்சான் பறந்து பிடிக்கிறது. வல்லூறு தோன்றினால் கூவி எச்சரிப்பதும் அதுவே. காவலுக்குக் கூலி பெறுகிறது எனலாம். சிறிது நேரத்தில் கூட்டம் கடந்துவிடக் காடு மீண்டும் மௌனமாகிறது.

இதனைக் கண்டு திரும்பும் குழுவினர் பெரும்பாலும் இனங்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றையே எழுதி வைக்கின்றனர். அப்பட்டியல் மகிழ்ச்சி தரலாம். விஞ்ஞானத்துக்கு அது போதாது. நடந்த நேரம் எவ்வளவு, வழி எது, ஒவ்வோர் இனத்திலும் எத்தனை, ஒன்றும் காணாது கழிந்த பொழுது எவ்வளவு என்பவை இல்லாத குறிப்பை அடுத்த ஆண்டின் குறிப்போடு ஒப்பிட இயலாது. பறவைகள் கூட்டமாய் நகரும் காட்டில் அந்த அரைமணி வெறுமையும் ஒரு செய்தியே ஆகும்.

எண்ணிக்கையின் பயனைப் பரத்பூர் உணர்த்தியது. அங்குள்ள கேவலாதேவ் பூங்காவில் 1980களிலேயே பிணந்தின்னிக் கழுகுகள் எண்ணி எழுதப்பட்டிருந்தன. எங்கும் மலிந்திருந்த பறவையை எண்ணுவானேன் என்று அன்று யாரேனும் விட்டிருந்தால், 1990களின் பிற்பகுதியில் நேர்ந்த பெருவீழ்ச்சியை அளந்து காட்டச் சான்று ஏது? மாடுகளுக்குத் தரப்பட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்தே பெருங்காரணம் என்பது 2004இல் வெளியாயிற்று. 2006இல் இந்தியாவில் கால்நடைக்கான அம்மருந்தின் உற்பத்தி தடைசெய்யப்பட்டது. அதற்குள் கழுகுகளிற் பெரும்பாலானவை மடிந்துவிட்டன.

ஆகவே அரிய பறவையைத் தேடி ஓடுவதிலும், ஒரே வழியில், ஒரே நேரத்தில், ஆண்டுதோறும் நடந்து சாதாரணப் பறவைகளை எண்ணுவதே களப்பணியாளர்க்கு ஏற்ற பணி. தம் காட்டுப் பறவைகளைக் குரலாலேயே அறியும் வனக் காவலர் பலர். புலிக்கும் யானைக்கும் அவர்தம் நாட்குறிப்பில் இடமுண்டு, கதிர்க்குருவிக்கு இடம் அரிது. அதற்கும் ஒரு பத்தி ஒதுக்குவதால் நேரும் செலவு யாது? ஆசிரியர்களும் மாணவர் கையிற் பெயர்ப்புத்தகத்தைக் கொடுக்குமுன் கடிகாரத்தையும் குறிப்பேட்டையும் கொடுப்பது நன்று.

பெயர் தெரியாமை பற்றி நாணவேண்டுவதில்லை. கதிர்க்குருவிகளைப் பிரித்தறிவது தேர்ந்தோர்க்கும் கடினம். ஊகித்து ஒரு பெயரை எழுதும் மாணவனைவிட, “8-20 மணி, கதிர்க்குருவி 6, இனம் தெரியவில்லை” என்று எழுதும் மாணவனின் ஏடே பிற்காலத்தில் பயன்படும்.